மலைக்குப் போகிற தாய்க்குப் பாடம் தேவையில்லை

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் தமிழ்நாட்டில் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் தாய்ப்பால் வார விழா நடக்கும். பேனர் கட்டுவார்கள். நர்சிங் மாணவிகள் பேரணி போவார்கள். தாய்மார்கள் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். ஊர்ச் சங்கத்தார் பேரீச்சம்பழமும் சத்துமாவும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மேடையேறுகிறவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒரே தடத்தில் போகும். தாய்ப்பாலின் அருமை இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியவில்லை. பாட்டிமார் கொடுத்தார்கள், இவர்கள் கொடுப்பதில்லை. உடம்பு கெட்டுவிடும், அழகு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். காசு பணம் கேட்காத பாலைக் கொடுக்க என்ன தயக்கம்? ஆகவே விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்.

படித்தவர்கள், மருத்துவர்கள், பத்திரிகைகள், அதிகாரிகள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து இது. போடிநாயக்கனூரிலும், அங்கிருந்து மேற்கே ஏலமலையைப் பார்த்தபடி கிடக்கிற ஊர்களிலும் இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு போகட்டும் என்று விட்டுவிடவும் முடியவில்லை. குற்றம் செய்யாதவள்மீது குற்றத்தைப் போட்டு, செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களைத் தப்பவிடுகிறது. அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அறியாமை என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தால் அவளுடைய அம்மாவும் மாமியாரும் என்ன செய்கிறார்கள் என்று யாராவது போய்ப் பார்த்ததுண்டா? பால் சுறா வாங்கிப் புட்டு அவிக்கிறார்கள். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்கிறார்கள். முருங்கைக்கீரை சேர்க்கிறார்கள். பால் ஊற வேண்டும், பிள்ளை வயிறு நிறைய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தைச் சுற்றித்தான் அந்த வீட்டின் சமையல் நடக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் பழைய வழக்கமும் ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியதும் பெரும்பாலும் ஒழிந்துபோனது. தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் மருத்துவமனையில்தான் பிள்ளை பெறுகிறார்கள். கர்ப்பம் பதிவான நாளிலிருந்து கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதைச் சொல்லாத சந்திப்பே கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்குத் தெரியவில்லை என்று சொல்வது அவளுக்கு மட்டும் அவமானமில்லை. இரண்டு தலைமுறையாக ஊர் ஊராக நடந்து சொன்ன அந்தச் செவிலியருக்கும் அவமானம்.

அரசின் கணக்கே இதைக் காட்டுகிறது. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் இந்தியா முழுக்க நூற்றுக்குச் சுமார் 42. தமிழ்நாட்டில் சுமார் 60. ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைகள் இந்தியா முழுக்கச் சுமார் 64. தமிழ்நாட்டில் சுமார் 55. முதல் மணி நேரத்தில் நாட்டையே முந்தி நிற்கிற தமிழ்நாடு, ஆறு மாதக் கணக்கில் நாட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. அதுவும் நம் மாநிலத்தில் நூற்றுக்குச் சுமார் 45 பேருக்குக் கத்தி வைத்துப் பிரசவம் நடக்கிற நிலையிலும் முதல் மணி நேரக் கணக்கு இப்படி இருக்கிறது. அறியாமைதான் காரணம் என்றால் இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி வரும்? முதல் மணி நேரத்தில் இருந்த அறிவு மூன்றாம் மாதத்தில் எங்கே போகும்? மருத்துவமனைக் கட்டிலில் அவள் பக்கத்தில் பிள்ளை இருந்தது, ஆள் இருந்தது, நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்து கூலிக்குக் கிளம்பியதும் அந்த மூன்றும் போய்விட்டன. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. நகரத்துத் தாய்க்கு வேறு, கிராமத்துத் தாய்க்கு வேறு. ஆனால் எவளுக்கும் காரணம் பாடம் போதாமை என்று இந்த எண்கள் சொல்லவில்லை.

ஏலமலைப் பெண்ணின் காரணம் ஜீப்பில் ஏறினால் தெரியும்.

போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் கம்பத்திலும் விடியுமுன் ஜீப்புகள் நிற்கும். போடியிலிருந்து ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காயெடுப்பதும் களையெடுப்பதும் கவாத்து வெட்டுவதும் பெரும்பாலும் நம் பக்கத்துப் பெண்கள்தான். ஊரில் இதற்கு 'மலைக்குப் போறது' என்று பேர். இருட்டில் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் இறங்க முடியும். போக வர நேரத்தையும் வேலை நேரத்தையும் கூட்டினால் பதினோரு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் பிள்ளையை விட்டுப் பிரிந்திருக்கிறாள். ஆட்கள் நெருக்கி அடித்து உட்காரும் அந்த ஜீப்பில் கைப்பிள்ளைக்கு இடமில்லை. இருந்தாலும் அந்த வளைவுகளில் எந்தத் தாயும் கொண்டுபோகத் துணியமாட்டாள்.

தோட்டத்துக்குள் அவள் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று மேடைப் பேச்சாளர்களுக்குத் தெரியாது. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். ஆகவே காயெடுக்கிறவள் நிற்க முடியாது. குந்தி உட்கார்ந்து, செடிக்குச் செடி நகர்ந்து, இலைச்சருகை விலக்கிப் பழுத்த காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். மழைக் காலத்தில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொள்வார்கள். கால்விரல் இடுக்கில் அட்டை ஏறும். பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதம் ஆனவள் இப்படிக் குனிந்தே இருக்கும்போது பத்து மணிக்கே மார்பு கட்டிக்கொள்ளும். கல்லாக இறுகும். முழங்கால் இடிக்கிற ஒவ்வொரு தடவையும் உயிர் போகும். பால் தானாகக் கசிந்து ரவிக்கை நனையும். மேலே போட்ட பழைய சட்டையும் நனையும். மற்றவர்கள் கண்ணில் படாமல் செடி மறைவில் ஒதுங்கி, வலி தாங்காமல் பீய்ச்சி மண்ணில் விடுவாள். இந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தாய்ப்பால் அமிர்தம் என்று பாடம் நடத்தினால் அவள் என்ன சொல்வாள்? அந்தப் பாலை மண்ணில் விட்டவள் அவள்தான்.

பால் சுரப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். கைக்குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். தாய் பாதி நாள் இல்லாவிட்டால் பாதித் தடவை போயிற்று. மார்பு நிறைந்து அப்படியே கிடந்தால், இதற்கு மேல் தேவையில்லை என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். இரண்டு வாரம் மலைக்குப் போனவள் ராத்திரி பிள்ளையைப் போட்டுப் பார்க்கும்போது பால் முன்போல் வராது. பிள்ளை அழும். பால் வற்றிப்போச்சு என்று வீட்டில் முடிவு செய்வார்கள். பகலெல்லாம் அந்தப் பிள்ளையை வைத்திருக்கிற அம்மாச்சியோ அப்பத்தாவோ தண்ணீர் கலந்த பசும்பால், டப்பாப் பால், கொஞ்சம் தள்ளிப்போனால் பிஸ்கட் கரைசல் என்று தனக்குத் தெரிந்ததைக் கொடுப்பாள். பசியில் கத்துகிற பிள்ளைக்கு வேறென்ன செய்ய முடியும்? பிறகு செவிலியர் வீட்டுக்கு வந்து, "என்னம்மா, தாய்ப்பால்தான குடுக்குற?" என்று கேட்கும்போது, "ஆமா நர்சம்மா, தாய்ப்பால்தான்" என்று பதில் வரும். திட்டுவார்கள் என்ற பயத்தில் வருகிற பதில் அது. விழிப்புணர்வுப் பிரச்சாரம் இவ்வளவு காலமாக இந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பதிலைத்தான்.

'பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாமே' என்று உடனே ஒரு யோசனை வரும். ஆபீசில் தனி அறையும் குளிர்பெட்டியும் இருக்கிறவளுக்கு அது நல்ல யோசனைதான். எடுத்த பால் சாதாரண வெப்பத்தில் நாலு மணி நேரத்துக்குத் தாங்கும்; போடி வெயிலில் அதுவும் குறையும். குளிர்பெட்டி இருக்கிற வீட்டில்கூடப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வேண்டிய பாலை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சோறாக்கி, குழம்பு வைத்து, ஜீப்புக்கு ஓடுவதற்குள் பீய்ச்சி வைக்க வேண்டும். பகலில் தோட்டத்தில் எடுக்கலாம் என்றால் கையைக் கழுவச் சோப்பும் தண்ணீரும் வேண்டும், மறைவு வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். ஏலச்செடிக்கு அடிக்கடி மருந்தடிப்பார்கள் என்பது மலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அந்தச் செடியைத் தொட்ட கையோடு பிள்ளைக்குப் பால் எடு என்று சொல்லத் துணிகிறவர்கள் முதலில் ஒரு நாள் அந்தக் கையை முகர்ந்து பார்க்கட்டும்.

பாட்டிமார் கொடுத்தார்களே என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கொடுத்தார்கள், உண்மை. அவர்கள் வேலை செய்த வயல் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. வரப்பு மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருந்தார்கள்; அழுதால் நாற்றை வைத்துவிட்டு வந்து எடுத்தார்கள். தோட்டத்து லயத்திலேயே குடியிருந்தவர்கள் மத்தியான இடைவேளையில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் அதிகம் அறிந்தவர்கள் என்பதால் கொடுக்கவில்லை. பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் கொடுத்தார்கள். பேத்தியின் வேலை இன்னொரு மாநிலத்தில் இருக்கிறது. பாட்டியை எடுத்துக்காட்டிப் பேத்தியைத் திட்டுகிறவர்கள் இடையில் முளைத்த மலையைப் பார்க்கவில்லை.

அழகைப் பற்றி ஒரு வார்த்தை. மழையில் குந்தி உட்கார்ந்து காயெடுக்கிற பெண்ணிடம் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்வதற்கே கூச்சப்பட வேண்டும். இதற்கு மேல் இந்த வாதத்துக்கு இடம் ஒதுக்க விரும்பவில்லை.

அடுத்தது, தாய்ப்பால் இலவசம் என்ற பேச்சு. மேடையில் அதிகம் கைதட்டு வாங்குவது இது. ஏலமலைப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பொய் இல்லை. ஆறு மாதம் பிள்ளையோடு வீட்டில் இருந்தால்தான் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க முடியும். மாதம் 25 நாள் வேலை என்றால் ஆறு மாதத்துக்கு 150 நாள் கூலி போகிறது. தோட்டக் கூலியை விட்டுவிடுவோம். அதைவிடக் குறைந்த நூறு நாள் வேலைத் திட்டக் கூலியையே எடுத்துக்கொள்வோம். 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு அது 319 ரூபாய். 150 நாளுக்கு 47,850 ரூபாய். இதுதான் ஆறு மாதத் தாய்ப்பாலின் மிகக் குறைந்த விலை. அதைக் குடும்பத்தில் யார் கட்டுகிறார்கள்? அந்தப் பெண் கட்டுகிறாள். இல்லாவிட்டால் பிள்ளை கட்டுகிறது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தமிழக அரசு கொடுப்பது, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, 18,000 ரூபாய். இந்தியாவில் வேறு பல மாநிலங்கள் நினைத்துப் பார்க்காத தொகைதான். குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 18,000-இல் ரொக்கத்தை மட்டும் எடுத்தால் நூறு நாள் வேலைக் கூலிக் கணக்கில்கூட இரண்டு மாதத்துக்கு முழுதாகக் காணாது. மூன்றாம் மாதம் ஜீப்பில் ஏறுகிறவளைப் பார்த்து விழிப்புணர்வு இல்லை என்கிறோம்.

தாய்ப்பாலுக்கு வேண்டியது நேரம் என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. தன் ஊழியர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறது. ஆறு மாதமாக இருந்த மகப்பேறு விடுப்பு 2016-இல் ஒன்பது மாதமாகி, 2021 ஜூலை முதல் ஒரு வருடமாகிவிட்டது, முழுச் சம்பளத்தோடு. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற தாய்க்குப் பன்னிரண்டு மாதம் வேண்டும் என்று புரிந்துகொண்ட அதே அரசு, அதே ஊரில் மலைக்குப் போகிற தாய்க்குப் பேனர் கட்டுகிறது. இரண்டு பேருடைய பிள்ளைக்கும் வயிறு ஒன்றுதான்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1919-இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மூன்றாவது உடன்படிக்கை வேலை நேரத்தில் பால் கொடுக்கத் தினம் இரண்டு தடவை அரை அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னது. நம் நாட்டில் 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், பிற்பாடு வந்த திருத்தத்தில், தேயிலை, காபி, ரப்பரோடு ஏலக்காயையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுக்கு இருபது பிள்ளைகள் இருந்தாலோ குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. 1961-இன் மகப்பேறு நலச் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பால் கொடுக்கும் இடைவேளை தந்தது. 2017 திருத்தத்தில் விடுப்பு 26 வாரமானது. இந்தச் சட்டங்களெல்லாம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன; 26 வாரமும் பால் இடைவேளையும் அவற்றிலும் உண்டு.

காகிதத்தில் குறை சொல்ல முடியாது. ஏலமலையில் அது கையை விட்டு நழுவும் இடங்களைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தைத் தொடவில்லை. ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் இன்னொரு தோட்டம் என்று ஜீப் எங்கே போகிறதோ அங்கே போகிறவளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் நிரந்தரமாக இல்லை. பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் ஒரே முதலாளியிடம் வேலை செய்ததாகக் காட்ட அவளிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. முதலாளியைக் கேட்டால் ஆளைக் கொண்டுவந்தது ஜீப்காரர் என்பார். ஜீப்காரரைக் கேட்டால் நான் வண்டி ஓட்டுகிறவன் என்பார். தோட்டம் கேரளத்தில் இருப்பதால் தமிழக அதிகாரிக்கு அங்கே அதிகாரமில்லை. அவள் தமிழ்நாட்டில் குடியிருப்பதால் கேரள நலத்திட்டங்கள் அவளைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கன்வாடி அவள் ஜீப் ஏறிய பிறகு திறந்து, இறங்குவதற்கு முன்பே மூடிவிடுகிறது. மத்திய அரசின் குழந்தைகள் காப்பகத் திட்டமான பால்னா ஆறு மாதம் ஆன பிள்ளையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. தாய்ப்பால் மட்டுமே வேண்டிய முதல் ஆறு மாதத்துக்கு அங்கேயும் இடமில்லை.

2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பிள்ளையோடு பயணம் போகிற பெண்ணுக்கு அது பெரிய உதவி. பல ஊர்களில் அந்த அறைகள் பூட்டிக் கிடந்ததையும் பத்திரிகைகள் எழுதின. அது வேறு கதை. மலைக்குப் போகிறவளின் சிக்கல் அறை இல்லாதது அல்ல. அவள் கையில் அந்த நேரத்தில் பிள்ளையே இல்லை.

அதே 2015 செப்டம்பரில், இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று தெருவில் உட்கார்ந்து கம்பெனியையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒருசேர எதிர்த்துப் போனஸ் வாங்கினார்கள். பதிவேட்டில் பெயரும் ஒரே கம்பெனியும் ஒரே லயமும் இருந்ததால் அவர்களால் ஒன்றுசேர முடிந்தது. ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஆளுக்கொரு ஜீப்பில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச ஓர் அமைப்பு வேண்டும். தாய்ப்பாலுக்கென்றே இருக்கிற அமைப்புகள் அதைச் செய்யாமல் வேறு யார் செய்வது?

இந்த அமைப்புகள்மீது எனக்குப் பகை கிடையாது. அவற்றின் வரலாறு தெரிந்த யாருக்கும் மரியாதைதான் வரும். 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் ரோட்டரி சங்கத்தார் முன்னால் நின்று, டப்பாப் பாலை ஏழைக் குழந்தைகளுக்குத் தள்ளிவிடுவது கொலைக்குச் சமம் என்று பேசினார். 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981-இல் உலகச் சுகாதார மன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விற்பனை நெறிமுறையை நிறைவேற்றியபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியாவில் 1992-இல் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள் பற்றிய சட்டம் வந்தது; 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உணவை விளம்பரம் செய்யக்கூடாது, மருத்துவருக்கு அன்பளிப்பு கொடுக்கக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது. 1991-இல் தொடங்கிய இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்பு, அதாவது பி.பி.என்.ஐ., இந்தச் சட்டத்தை மீறுகிற கம்பெனிகளைக் கண்காணித்துப் புகார் கொடுக்க அரசே அங்கீகரித்த அமைப்பு. டப்பாப் பால் விளம்பரம் இன்று நம் தொலைக்காட்சியில் வராததற்கு இவர்கள்தான் காரணம்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். சிசிலி வில்லியம்ஸ் தாயைக் குற்றம் சொல்லவில்லை. நெஸ்லேயைப் புறக்கணித்தவர்கள் தாயைத் திருத்தப் புறப்படவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே வந்து நின்ற வியாபாரத்தைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்கள். இயக்கத்தின் பலம் அங்கேதான் இருந்தது. ஏலமலையில் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்பது கூலியும் ஜீப்பும். அதைப் பிடித்து இழுக்கும் துணிச்சல் எங்கே போயிற்று?

தாய்ப்பால் வாரத்தை நடத்துகிற உலக அமைப்பான வாபா, மலேசியாவின் பினாங்கில் இருந்து இயங்குகிறது. 1992 முதல் ஆண்டுதோறும் ஒரு கருப்பொருள் அறிவிக்கிறது. 1993-இலேயே வேலைக்குப் போகும் பெண்களும் தாய்ப்பாலும் என்று அறிவித்தது. 2015-இல் மீண்டும் வேலை. 2023-இல் மீண்டும் வேலை செய்யும் பெற்றோர். தலைமை அமைப்பு மூன்று முறை முதலாளியையும் அரசையும் பார்த்துப் பேசச் சொன்னபோதும், நம் ஊர் மேடைகளில் தாயைப் பார்த்துத்தான் பேசினோம். தாயைத் திட்ட யாரிடமும் அனுமதி வேண்டாம். தோட்ட முதலாளியிடம் காப்பகம் கேட்டால் அடுத்த ஆண்டு விழாவுக்கு நன்கொடை வராமல் போகலாம். இந்தத் தயக்கத்தை உடைத்தாக வேண்டும்.

அப்படியானால் தாய்மார்களிடம் பேசவே வேண்டாமா என்றால், பேச வேண்டும். ஆனால் மேடையிலிருந்து வேண்டாம். கத்தி வைத்துப் பிள்ளை பெற்றவளுக்கு எப்படிப் படுத்துக்கொண்டு பால் கொடுப்பது, காம்பு வெடித்தால் என்ன செய்வது, பிள்ளை வாயை எப்படிப் பொருத்துவது, கட்டிய பாலை எப்படி இளக்குவது என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட ஆள் வேண்டும். 1956-இல் அமெரிக்காவில் ஏழு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த லா லேச்சே லீக் செய்தது இதைத்தான். பால் கொடுத்துப் பழகிய தாய், புதிய தாய்க்குத் துணையாக உட்கார்ந்தாள். அது உதவி. அதற்கு எந்தத் தாயும் நன்றி சொல்வாள்.

கடல் தாண்டிப் போனால் இலங்கையின் கதை இருக்கிறது. 2016 கணக்கெடுப்பில் அங்கே ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். நம்மைவிட அந்நாட்டுத் தாய்மார் அதிகம் படித்துவிட்டதாலா? வீடு தேடி வருகிற குடும்ப நல உத்தியோகத்தர் அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்று நம் மக்களே பேர் வைத்த காப்பகம் ஆங்கிலேயர் காலம் தொட்டு இருக்கிறது; கொழுந்து பறிக்கிற தாய் இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடிகிறது. அங்கும் தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை துயரம்தான், சம்பளத்துக்காக இன்றும் போராடுகிறார்கள். ஆனாலும் பிள்ளை நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரு விஷயத்தை அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிறு விவசாயியால் காப்பகம் நடத்த முடியுமா என்ற கேள்வி நியாயமானது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் அதைக் கேட்க முடியாதுதான். ஆனால் எல்லோருடைய காயும் வந்து சேருகிற இடம் ஒன்று இருக்கிறது. ஏலக்காயில் பெரும்பகுதி போடியிலும் வண்டன்மேட்டுப் பக்கத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் எடை போட்டு, பதிவு செய்து விற்கப்படுகிறது. கடந்த சில ஆண்டுகளாக நாட்டின் ஏலக்காய் விளைச்சல் ஆண்டுக்குச் சுமார் இருபதாயிரம் டன். கிலோவுக்கு ஒரு ரூபாய் தாய்மார் நிதி என்று பிடித்தால் ஆண்டுக்கு இரண்டு கோடி வரும். 2019 ஆகஸ்டில் கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் போன சரக்கு இது. விலை இறங்கிக் கிடக்கிற நாளிலும் ஒரு ரூபாயை வியாபாரியும் உணரமாட்டார், விவசாயியும் உணரமாட்டார். அந்தப் பணத்தில் பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் நெடுங்கண்டத்திலும் தோட்டங்களுக்கு நடுவே பொதுக் காப்பகங்கள் வைக்கலாம். பிள்ளைகளையும் தாய்களையும் ஏற்றிப்போகத் தனி வேன் விடலாம். அதைவிட நல்லது, முதல் ஆறு மாதத்துக்கு மலைக்கே போகத் தேவையில்லாதபடி கூலியை ஈடு கட்டலாம்.

ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1969-இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த சித்தாள் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். வேலை நடக்கிற இடத்துக்குக் காப்பகத்தையும் கொண்டுபோகும் 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது. இடம் மாறிக்கொண்டே இருக்கிற கூலிப் பெண்ணுக்குக் காப்பகம் நடத்த முடியும் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியாயிற்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏலக்காய் வியாபாரத்தின் புது வருடம் ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. ஆகஸ்டிலிருந்து ஜூலை வரை ஒரு வருடக் கணக்கு. காயெடுப்பு சூடு பிடிக்கிற மாதம், ஜீப்புகளுக்கு ஆள் போதாத மாதம் அது. அதே மாதத்தின் முதல் ஏழு நாளில், பகல் பதினோரு மணிக்கு, தாய்ப்பால் விழா நடத்துகிறோம். யாருக்காக நடத்துகிறோமோ அந்தத் தாய்மார் அந்த நேரத்தில் மலையில் இருக்கிறார்கள்.

போடியிலும் தேனியிலும் தாய்ப்பால் வாரம் நடத்துகிற சங்கத்தாரிடமும், மருத்துவர்களிடமும், சமூக நல அதிகாரிகளிடமும் கேட்டுக்கொள்வது இது. வருகிற ஆகஸ்டில் பேனரையும் உறுதிமொழியையும் விட்டுவிடுங்கள். விடியற்காலை ஜீப் நிற்கிற இடத்துக்கு வாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையை விட்டு மலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர், எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று ஊர்வாரியாகப் பட்டியல் எடுங்கள். பெயரை யாருக்கும் காட்ட வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்தப் பட்டியலைத் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட ஆட்சியர்களிடமும் நறுமணப் பொருள் வாரியத்திடமும் கொடுத்து, காப்பகமும் ஆறு மாதக் கூலியும் எப்போது கிடைக்கும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வரும்வரை எந்தத் தாயிடமும் ஏன் பால் கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.